கதவு திறந்திருக்கு, படிக்கட்டைத்தான் காணோம்

"ஓப்பன் சோர்ஸ்தானே? யார் வேணும்னாலும் வரலாம், யார் வேணும்னாலும் பங்களிக்கலாம்!" - இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது மக்களே. காலேஜ் செமினாரில் சொல்கிறார்கள், லினக்ஸ் யூசர் குரூப் மீட்டிங்கில் சமோசாவுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை சொல்கிறார்கள். சரிங்கண்ணா, வர்றோம். வந்ததும் முதல் வேலை என்ன? கோடை இறக்கணும், கம்பைல் பண்ணணும், நம்ம மெஷினில் ஓட வைக்கணும். அதாகப்பட்டது, டெவலப்மெண்ட் என்விரான்மெண்ட் செட்டப். அங்கேதான் ஏழரை ஆரம்பிக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிடறேன். புதுசாக வருகிற ஒருவன், கையில் இருக்கும் சாதாரண லேப்டாப்பில், ஒரு நாளுக்குள், யாரையும் கெஞ்சாமல் ஏதோ ஒரு பகுதியையாவது பில்ட் செய்து, ஒரு வரியை மாற்றி, மாற்றம் திரையில் தெரிகிறதா என்று பார்க்க முடியவில்லை என்றால், அந்த ப்ராஜக்ட் பாதிதான் ஓப்பன். லைசென்ஸ் எதுவாக இருந்தாலும் சரி. படிக்க மட்டும் கொடுப்பது கண்ணாடி போட்ட அலமாரி. பார்த்துக்கலாம், தொடக்கூடாது.

"இதெல்லாம் உன் சொந்தச் சரக்கு" என்று அடிக்க வராதீர்கள். ஜி.பி.எல் லைசென்ஸின் இரண்டாம் பதிப்பை எடுத்துப் பாருங்கள், 1991-ல் வந்தது. சோர்ஸ் கோட் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், நிரலை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கம்பைல் செய்யவும் இன்ஸ்டால் செய்யவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், உருவாக்க, நிறுவ, ஓட்ட, மாற்ற என்ன வேணுமோ அத்தனையும் சோர்ஸ்தான் என்கிறது. ஸ்டால்மன் தாத்தாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, கோடை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு "இந்தா சுதந்திரம்" என்று நம்மாட்கள் கிளம்பிடுவாங்கன்னு :-)

ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000-ல் ஒரு டெஸ்ட் எழுதினார். ஒரு டீம் உருப்படியா இல்லையா என்று பார்க்க 12 கேள்விகள். அதில் இரண்டாவதே, "ஒரே ஸ்டெப்பில் பில்ட் பண்ண முடியுமா?" என்பதுதான். கால் நூற்றாண்டு ஆச்சு. சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்களுக்கே இது வேணும் என்றால், ஞாயித்துக்கிழமை பிரியாணியை விட்டுட்டு ஓசியில் வேலை பார்க்க வருகிறவனுக்கு எவ்வளவு வேணும்?

செட்டப் என்ற பெயரில் நடக்கும் திருவிளையாடலை ஒரு தடவை பட்டியல் போட்டுடலாம்.

1. ரீட்மீ கோப்பு மூணு வருஷத்துக்கு முந்தினது. அதில் சொன்ன முதல் கட்டளையே இப்போது கிடையாது.

2. "தேவையானவை" என்று ஏழு லைப்ரரி போட்டிருப்பார்கள். நிஜத்தில் பதினேழு வேணும். மீதிப் பத்தும் எழுதினவர் மெஷினில் என்றைக்கோ போட்டு வைத்தது, அவருக்கே மறந்துபோச்சு.

3. எந்த வெர்ஷன்? அது தெய்வ ரகசியம். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் 'பைத்தான்' என்று மொட்டையாகக் கூப்பிட்டு, இரண்டாம் பதிப்பு வரும் என்று காத்திருக்கிற ஸ்கிரிப்டுகள் உலாத்திக்கொண்டுதான் இருக்கின்றன.

4. "இன்ன ஹெடர் ஃபைலைக் காணோம்" என்று ஒரு எர்ரர். எந்தப் பொட்டலத்தில் இருக்கிறது அது? உபுண்டு, டெபியன் என்றால் பொட்டலத்தின் பெயர் 'டெவ்' என்று முடியும். ஃபெடோரா என்றால் 'டெவெல்' என்று முடியும். தெரிந்தவனுக்குப் பத்து செகண்ட். தெரியாதவனுக்கு ஒரு சாயங்காலம்.

5. எல்லாம் முடித்து, கடைசியில் லிங்க்கர் ஆயிரம் வரிக்கு அழும். போய்க் கேட்டால் வரும் அருள்வாக்கு: "என்னோட மெஷின்ல ஓடுதே!"

போன வருஷம் ஒரு ப்ராஜக்டில் (பேர் வேண்டாம், சண்டைக்கு வருவாங்க) மூணாவது ஸ்டெப் தப்பு, எப்படித் திருத்தணும் என்று எழுதி ஒரு இஷ்யூ போட்டேன். புத்தம் புது மெஷினில் முயற்சி செய்த முழு லாகும் சேர்த்துத்தான். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. "எங்களுக்கு ஓடுது" என்று ஒரே வரி, இஷ்யூ குளோஸ்ட். அந்த ப்ராஜக்டின் முதல் பக்கத்தில் இன்னமும் கொட்டை எழுத்தில் இருக்கிறது - பங்களிப்பாளர்களை வரவேற்கிறோம்! நல்லா வரவேற்கிறீங்கப்பு.

சரி, எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றாக.

"அது ஒரு வடிகட்டி சார்"

இதுதான் ரொம்பப் பிரபலம். பில்ட் பண்ணவே தெரியாதவன் என்னத்த கோட் எழுதப் போறான், கஷ்டம் இருந்தால்தான் நல்லவன் மட்டும் வருவான், என்கிற தத்துவம். ஐஐடி நுழைவுத் தேர்வு நடத்தும் நினைப்பு.

வடிகட்டி சரிதான், எதை வடிகட்டுகிறது? என் சித்தப்பா பையன் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். 4 ஜிபி ராம் லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. அவனுக்கு முன்னால் ஒரு மல்டி-ஜிபி ரிப்பாசிட்டரியை வைத்தால், இறக்குவதற்கே அவன் நாள்கணக்கில் தவணை முறையில் போகணும். நடுவில் கனெக்‌ஷன் அறுந்தால் கிட் குளோன் மறுபடி முதலில் இருந்து. 32 ஜிபி ராமும் ஆபீஸ் லைனும் வைத்திருக்கிற இன்னொருத்தன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடுவான். இதில் யார் புத்திசாலி என்று எப்படித் தெரிந்தது உங்களுக்கு? காசு, நேரம், பக்கத்தில் கேட்க ஒரு அண்ணன் - இந்த மூணும் இருக்கிறவனைத்தான் உங்க வடிகட்டி மேலே தள்ளுது. திறமையை இல்லை.

வடிகட்டியில் தங்கிப் போகிறவர்களில் நமக்கு அவசியம் வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் மூணு துண்டு. முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் கால். யூனிகோடில் சேமிக்கும்போதோ க, அப்புறம் ஒகரக் குறி, அவ்வளவுதான். அந்த ஒரு குறியை இரண்டாக வெட்டி, ஒன்றைத் தூக்கி முன்னால் வைப்பது ஷேப்பிங் எஞ்சினின் வேலை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. தமிழ் எழுத்து எங்கே எப்படி உடையக் கூடாது என்பது சி++ புலிகளை விட ஒரு தமிழ் வாத்தியாருக்கும் ஒரு எழுத்துரு வடிவமைப்பாளருக்கும்தான் நன்றாகத் தெரியும். அவர்கள் வந்து தொட்டுப் பார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஹார்ஃப்பஸில் இருக்கிறது. மெசான் வைத்து இரண்டு கட்டளையில் பில்ட் ஆகும். கூடவே சின்னச் சின்னக் கருவிகளும் வரும். ஒரு எழுத்துருவையும் ஒரு சொல்லையும் கொடுத்தால், எப்படி வரையப்படும் என்று படமாகவே காட்டிவிடும். பிரவுசரே தேவையில்லை. இதே தப்பை முழு பிரவுசரை பில்ட் செய்துதான் சோதிக்கணும் என்று ஆகியிருந்தால், வாத்தியார் "இணையத்துல தமிழ் உடையுதுப்பா" என்று நொந்துகொண்டு போய்ச் சேர்ந்திருப்பார்.

"பெரிய சாஃப்ட்வேர்னா அப்படித்தான் இருக்கும்"

குரோமியத்தின் பில்ட் குறிப்பைப் பாருங்கள். குறைந்தது 8 ஜிபி ராம், 16-க்கு மேல் இருந்தால் உத்தமம், டிஸ்கில் 100 ஜிபி காலியிடம். நம்மில் பாதிப் பேர் அப்பீட்டு. ஆனாலும் ஒரு விஷயத்துக்கு அவர்களைப் பாராட்டணும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், மெதுவான கனெக்‌ஷனில் இறக்கப் பல மணி நேரம் ஆகும் என்பது உள்பட. சொல்லிவிட்டு அடிப்பவன் எவ்வளவோ தேவலை. ராத்திரி 2 மணிக்கு, 92 சதவீதத்தில், டிஸ்க் நிறைஞ்சுபோச்சு என்று தெரிவதுதான் கொலைபாதகம்.

பெரிசு என்பதால் கதவை மூடத்தான் வேண்டுமா என்றால், இல்லை. மொசில்லா கதையைக் கேளுங்க, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1998 மார்ச் 31-ல் நெட்ஸ்கேப் தன் கோடைத் திறந்துவிட்டது. உலகமே திரண்டு வந்து எழுதிக் கொட்டப் போகிறது என்று எதிர்பார்ப்பு. வரவில்லை. அங்கே இருந்த ஜேமி ஜவின்ஸ்கி 1999-ல் ராஜினாமா செய்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கோட் ரொம்பச் சிக்கலாக, மாற்றக் கஷ்டமாக இருந்தது, வெளியாட்கள் வராததற்கு அது ஒரு காரணம் என்கிறார். ஓப்பன் சோர்ஸ் என்பது மேலே தூவினால் எல்லாம் சரியாகிவிடும் மந்திரப் பொடி இல்லை என்பது அவர் கொடுத்த எச்சரிக்கை. மொசில்லா 1.0 வர 2002 ஆகிவிட்டது.

இன்றைக்கு அதே மொசில்லாவில் மாக் என்று ஒரு கருவி. மாக் பூட்ஸ்ட்ராப் என்று தட்டினால், உங்க மெஷினில் என்ன இல்லை என்று பார்த்து அதுவே இறக்கிக்கொள்ளும். இன்னொரு பிரமாதமான ஏற்பாடு, ஆர்டிஃபாக்ட் பில்ட். சி++, ரஸ்ட் பகுதிகளை அவர்களே கம்பைல் செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் திரையில் தெரியும் பகுதியை, ஜாவாஸ்கிரிப்டையும் சிஎஸ்எஸ்ஸையும் மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால், ரெடிமேடை இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம். மணிக்கணக்கில் கம்பைல் ஆவது மிச்சம். சாஃப்ட்வேர் சின்னதாகவில்லை, வாசல்தான் சின்னவனும் நுழைகிற மாதிரி ஆகியிருக்கிறது.

லிப்ரே ஆபீஸும் அப்படித்தான். ஓப்பன் ஆபீஸின் வேர் ஜெர்மனியின் ஸ்டார்டிவிஷன் கம்பெனி. கோடில் ஏகப்பட்ட கமெண்ட் ஜெர்மன். பில்ட் செய்ய டிமேக் என்று வேறு எங்கும் பார்க்காத ஒரு வஸ்து. 2010 செப்டம்பரில் பிரிந்து வந்து லிப்ரே ஆபீஸ் ஆரம்பித்தவர்கள், புது வசதிகளுக்கு நடுவிலேயே வீட்டையும் கூட்டிப் பெருக்கினார்கள். டிமேக்கைத் தூக்கிவிட்டு எல்லோருக்கும் தெரிந்த குனு மேக்குக்கு மாற்றினார்கள். ஜெர்மன் கமெண்டுகளை ஆள் ஆளுக்குப் பிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தார்கள். 'ஈஸி ஹேக்ஸ்' என்று புதியவர்களுக்கென்றே சின்ன வேலைகளின் பட்டியல் போட்டார்கள். பகட்டே இல்லாத வேலை, யாரும் கைதட்டாத வேலை. ஆனால் ஆள் வந்தார்கள்.

சிபைத்தானிலும் ஒரு சின்ன மரியாதை உண்டு. சில லைப்ரரிகள் உங்களிடம் இல்லை என்றால் பில்ட் செத்து விழாது. முடிந்த வரை கட்டிவிட்டு, கடைசியில் "இன்னின்ன மாட்யூல் கட்டவில்லை, தேவையான சாமான் கிடைக்கவில்லை" என்று பட்டியல் கொடுக்கும். மனுஷன் மாதிரிப் பேசுகிறது பாருங்கள்!

"அதான் டாக்கர் இருக்கே, ஏஐ இருக்கே"

டாக்கர் 2013-ல் வந்தது. நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. டாக்கர்ஃபைல் என்பது ஓட்டிப் பார்க்கக் கூடிய குறிப்பு, வெறும் ரீட்மீயை விட நூறு மடங்கு மேல். ஆனால் பலர் செய்வது என்ன? வீட்டைச் சுத்தம் செய்யச் சோம்பல்பட்டு, குப்பையை எல்லாம் ஒரு ரூமில் தள்ளிப் பூட்டுகிறார்கள். சாவி டாக்கர்ஃபைல். அடியில் இருக்கும் இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று போட்டிருந்தால், இன்றைக்கு ஓடுவது அடுத்த மாசம் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 4 ஜிபி ராம் பையனுக்கு இன்னொரு பாரமும் ஏறியது, அவ்வளவே.

ஏஐ கதையும் அதேதான். எர்ரரைக் கொடுத்தால் ஏதோ சொல்கிறது, பல சமயம் சரியாகவே சொல்கிறது. ஆனால் அது படித்ததும் நீங்க எழுதி வைத்த அதே பழைய ரீட்மீதானே? குறிப்பு தப்பாக இருந்தால் அதுவும் தப்பைத்தான் தன்னம்பிக்கையோடு ஒப்பிக்கும். கிணத்துல இருந்தாத்தானே வாளியில வரும்.

"நாங்க ஓசியில பாக்கறோம், நேரம் இல்ல"

இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை தருவேன். மெயிண்டெய்னர் வேலை நன்றி கெட்ட வேலை. ஆபீஸ் முடித்து வந்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, ஊர்பேர் தெரியாதவர்களின் திட்டுக்குப் பதில் எழுதணும். இதில் "டாக்குமெண்ட்டும் எழுது"ன்னா கோபம் வரும்தான்.

ஆனால் ஒரு கணக்குப் போடுங்க அண்ணாச்சி. ஒரே கேள்விக்கு இருபது பேருக்கு இருபது தடவை பதில் எழுதுகிற நேரத்தில், ஒரு தடவை குறிப்பைத் திருத்திவிடலாம். அதை விட முக்கியம், நாளைக்கு உங்களால் முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்?

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது ஞாபகம் இருக்கா? உலகத்து லினக்ஸ் மெஷின்களில் எல்லாம் இருக்கும் ஒரு சின்னச் சுருக்கல் லைப்ரரி. அதைக் கட்டிக் காத்தது அனேகமாக ஒரே ஒரு மனிதர், அவரும் களைத்துப் போயிருந்தார். உதவிக்கு வருகிறேன் என்று வந்த ஒரு ஆசாமி இரண்டு வருஷத்துக்கும் மேல் நல்ல பிள்ளையாக வேலை பார்த்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கொல்லைக்கதவு வைத்துவிட்டுப் போனார். எங்கே வைத்தார் தெரியுமா? விஷத்தைச் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்துவிட்டு, அதை எடுத்துச் சேர்க்கிற வரியை பில்ட் ஸ்கிரிப்டில் வைத்தார். அந்த எம்4 கோப்பு கிட்டில் இருந்த கோடில் கிடையாது, வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது.

ஏன் அங்கே? அங்கேதான் யாரும் பார்ப்பதில்லை! ஆட்டோகான்ஃப் உருவாக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை எவன் படிக்கிறான்? பொட்டலத்துக்கும் கிட்டுக்கும் வித்தியாசம் இருப்பது சகஜம் என்று எல்லோரும் பழகிவிட்டோம். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் லேட் ஆகிறதே என்று நோண்டப் போய்த்தான் மார்ச் 29 அன்று குட்டு வெளிப்பட்டது. அந்த அரை செகண்டை அவர் சட்டை செய்யாமல் விட்டிருந்தால்? நினைச்சாலே பகீர்ங்குது.

"கண்கள் அதிகம் இருந்தால் பிழைகள் தங்காது" என்று எரிக் ரேமண்ட் காலத்தில் இருந்து, அதாவது 1997-ல் இருந்து, பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம். பில்ட் சிஸ்டம் என்ற இருட்டு ரூமுக்குள் எத்தனை கண்கள் போயிருக்கின்றன? புதுசாக வருகிற ஒவ்வொருவனும் தானே பில்ட் செய்து, "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்கிற ப்ராஜக்டில், அந்த ரூமில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கேட்டால் "எங்களுக்கு ஓடுது" என்று குளோஸ் பண்ணுகிற ப்ராஜக்டில் விளக்கு அணைந்து ரொம்ப நாள் ஆச்சு. புதியவன் கேட்கும் முட்டாள்தனமான கேள்வி உங்களுக்குத் தொல்லை இல்லை சாமி, இலவசத் தணிக்கை.

ஆகவே, ப்ராஜக்ட் நடத்தும் புண்ணியவான்களிடம் கேட்பது நாலே நாலு:

- பில்டுக்கு எவ்வளவு டேட்டா இறங்கும், எவ்வளவு டிஸ்க், எவ்வளவு ராம், சுமாராக எவ்வளவு நேரம் என்று முதல் நாலு வரிக்குள் சொல்லுங்கள்.

- ரீட்மீயில் இருக்கிற அதே கட்டளைகளை, வாரம் ஒரு தடவையாவது, ஒன்றுமே இல்லாத மெஷினில் தானாக ஓடவிட்டுப் பாருங்கள். உடைந்தால் அதுவும் பக்தான், கோட் பக் மாதிரியே.

- ஒவ்வொரு ஸ்டெப் முடிந்ததும் திரையில் என்ன தெரியணும் என்று ஒரு வரி எழுதுங்கள். பாதி பயம் அதில் போய்விடும்.

- முழுசையும் கட்ட முடியாதவனுக்கு ஒரு குறுக்கு வழி வையுங்கள். மொசில்லாவால் முடிகிறது என்றால் உங்க இரண்டாயிரம் வரி ப்ராஜக்டுக்கு முடியாதா?

நம்ம பக்கமும் வேலை இருக்கிறது. தமிழில் எழுத்துப்பிழை திருத்தி, ஓசிஆர், விசைப்பலகை என்று நம்மாட்களே எழுதி ரிப்பாசிட்டரியில் போட்ட சரக்கு நிறைய. எத்தனையில் பில்ட் குறிப்பு இருக்கிறது? ஒரு ரீட்மீ, அதில் தமிழ் வாழ்க என்று ஒரு வரி, அவ்வளவுதான் பல இடங்களில். எழுதினவருக்குக் கல்யாணம், வெளிநாடு, வேலை மாற்றம் என்று ஆனதும் ப்ராஜக்ட் அனாதை. எடுத்து வளர்க்க ஆள் தயார், பில்ட் ஆக மாட்டேங்குது. தமிழ் வாழறது இருக்கட்டும், முதல்ல தமிழ் சாஃப்ட்வேர் கம்பைல் ஆகட்டும்யா.

அடுத்த தடவை ஏதாவது ஒன்றைக் கட்டிப் பார்க்கும்போது, தடுக்கின இடத்தை எல்லாம் ஒரு நோட்பேடில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டி முடிந்ததும் சந்தோஷத்தில் மறந்துவிடாமல், அதையே முதல் பேட்ச்சாக அனுப்புங்கள். முதல் தடவை கட்டுகிறவனுக்கு மட்டும்தான் அந்தக் கண் இருக்கும். இரண்டாம் தடவை கட்டும்போது அந்தக் கல்லை நம்ம கால் தானாகவே தாண்டிவிடும், அப்புறம் நாமும் "எனக்கு ஓடுதே" கோஷ்டியில் ஐக்கியம். தமிழிலும் ஒரு பதிவாகப் போடுங்கள். தேடி வருகிற இன்னொரு தம்பிக்கு ஒரு சாயங்காலம் மிச்சம்.

டிஸ்கி: மெயிண்டெய்னர் யாராவது இதைப் படித்துக் கடுப்பானால் தாராளமாகப் பின்னூட்டத்தில் திட்டலாம். கூடவே உங்க ப்ராஜக்ட் பேரையும் போட்டுவிட்டுப் போங்க. வர்ற சனிக்கிழமை புது மெஷினில் கட்டிப் பார்த்துட்டு லாகோட வர்றேன் ;-)